கட்டைவிரலால் அழுத்தினால்தான் சார்ஜ் ஏறுகிறது!

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பேட்டரி சார்ஜ் போடும் சின்னக் கடை வைத்திருக்கிறோம். அப்பா நடத்தியது. அவருக்கு உடம்பு முடியாததால் ஆறு மாதமாக நான் பார்த்துக்கொள்கிறேன். கார், டிராக்டர், மினி லாரி பேட்டரிகள்தான் வரும். எங்களிடம் இருப்பது பழைய தகரப் பெட்டி சார்ஜர்; பின்னால் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது. ஆன்-ஆஃப் சுவிட்ச், 12-24 மாற்றும் டாகிள் சுவிட்ச், ஆம்பியர் கூட்டிக் குறைக்க ஆறு படி ரோட்டரி, ஒரு அம்மீட்டர், அவ்வளவுதான். இப்போது 12-24 சுவிட்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால்தான் ஊசி ஏறுகிறது. பொங்கலுக்குப் பிறகு, ரோட்டரியை நாலாவது படிக்குத் திருப்பும்போதெல்லாம் படபடவென்று சத்தம், கருவாட்டு வாடை. ஆன்-ஆஃப் சுவிட்ச் போன வருடமே போய்விட்டது. ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணன் அதை எடுத்துவிட்டு, வயர்களை நேராகச் சேர்த்து 'டைரக்ட்' செய்துவிட்டார். மற்ற இரண்டையும் அப்படியே டைரக்ட் செய்துவிடலாம் என்கிறார். வேலூரில் ஒரு கடையில் கேட்டால், பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறார்கள். நானே சரிசெய்ய முடியுமா? மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும், ஈயம் பற்றவைக்கத் தெரியும். அம்மீட்டர் ஊசி வேறு, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 2-இலேயே நிற்கிறது.

பதில்: தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். அந்த ஆன்-ஆஃப் டைரக்ட் ஜாயிண்டை எடுத்து சுவிட்ச் போடுகிற வரை சார்ஜரைக் கரண்டில் செருகாதீர்கள்.

சுவிட்ச் இல்லாத சார்ஜரில் வேலை எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். பிளக் செருகியே கிடக்கும். ஒரு பேட்டரி முடிந்ததும் கிளிப்பைக் கழற்றி அடுத்ததில் மாட்டுவீர்கள். கழற்றுகிற இடத்தில் பொறி தெறிக்கும். பேட்டரியோ சார்ஜ் முடியப்போகிற நேரத்தில்தான் நன்றாகக் கொதித்து ஹைட்ரஜன் விடும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே போதும், ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். எங்கள் கடையில் பல வருடங்களுக்கு முன்னால் ஒரு டிராக்டர் பேட்டரி இப்படித்தான் வெடித்தது. மூடி போய்த் தகரக் கூரையில் அடித்தது. பையன் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் கேனை எடுக்கத் திரும்பியிருந்தான். முதுகுச் சட்டை மட்டும் ஆசிட் பட்டு ஓட்டை ஓட்டையாகப் போனது. அவன் முகம் இந்தப் பக்கம் இருந்திருந்தால் என்று இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. மாட்டும்போது கிளிப் முதலில், சுவிட்ச் பிறகு. கழற்றும்போது சுவிட்ச் முதலில், கிளிப் பிறகு. ஆன்-ஆஃப் சுவிட்சுக்கு உங்கள் கடையில் இருக்கும் முக்கியமான வேலை இதுதான்.

சரி, இனி மூன்று சுவிட்சுக்கும் வருவோம். மூன்றும் மூன்று விதமாகக் கெட்டிருக்கின்றன, ஒரே மருந்து எல்லாவற்றுக்கும் ஆகாது. வேடிக்கை என்னவென்றால், அந்த அண்ணன் சொன்ன டைரக்ட் வைத்தியம் மூன்றில் ஒன்றுக்கு நிஜமாகவே பொருந்தும். அவர் அதைச் செய்து வைத்திருப்பதுதான் பொருந்தாத இடத்தில்.

ஆன்-ஆஃப் போனது போன வருடம், ரோட்டரி படபடக்கத் தொடங்கியது பொங்கலுக்குப் பிறகு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், ரோட்டரியை எப்படித் திருப்புவார் என்று. பழைய ஆட்களாக இருந்தால் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டுத் திருப்பி, மறுபடி ஆன் செய்வார்கள். ஆஃப் செய்ய சுவிட்சே இல்லாமல் போனதும் ஓடிக்கொண்டிருக்கும்போதே திருப்ப வேண்டியதாயிற்று. ஒரு வருடம் அப்படித் திருப்பியதில்தான் உள்ளே கான்டாக்ட் தீய்ந்திருக்கிறது. ஒரு சுவிட்சை டைரக்ட் செய்தது இன்னொரு சுவிட்சின் உயிரை வாங்கியிருக்கிறது என்பது என் கணிப்பு. ஆகவே ரோட்டரியை மட்டும் மாற்றி ஆன்-ஆஃபை அப்படியே விட்டால், புது ரோட்டரியும் அதே வழியில்தான் போகும்.

பெட்டியை எடைக்குப் போடச் சொன்ன பேச்சை இப்போதைக்குக் காதில் வாங்காதீர்கள். வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் பிரிந்தது. வேலூர் இருந்த பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாகி, அப்புறம் வேலூர் மாவட்டம் ஆனது. யாரோ பழக்கதோஷத்தில் எழுதியிருந்தால் ஒழிய, உங்கள் பெட்டிக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அந்தக் காலத்தில் உள்ளூரில் கட்டிய டிரான்ஸ்ஃபார்மர்கள் பெரும்பாலும் செம்பு வைண்டிங். இன்றைக்கு மலிவு சார்ஜர்களில் அலுமினியம் வருகிறது. தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். டிரான்ஸ்ஃபார்மர் உயிரோடு இருக்கிற வரை மற்ற எல்லாமே மாற்றக்கூடிய சாமான்தான்.

திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, அதை உங்கள் கண் எதிரிலேயே, முடிந்தால் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நான் பெட்டிக்குள் கையை விட்டிருந்தபோது, 'அண்ணே, பிளக் கழன்று கிடக்குதே' என்று எடுத்துச் செருகப் போன பையன்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். வயரைக் கழற்றுமுன் நாலு பக்கமும் செல்போனில் படம் எடுங்கள். அது போதாது, ஒவ்வொரு வயரிலும் துண்டு டேப் ஒட்டி எண் போடுங்கள். முப்பது வருடப் புழுதியில் எல்லா வயரும் ஒரே நிறமாகத்தான் படத்தில் விழும்.

முதலில் ஆன்-ஆஃப். நாலு கால் உள்ள ராக்கர் சுவிட்ச் வாங்குங்கள், 16 ஆம்பியர் 250 வோல்ட். இரண்டு கால் சுவிட்ச் ஒரு வயரைத்தான் வெட்டும். நம் ஊர்களில் எந்த சாக்கெட்டில் ஃபேஸ் வலது பக்கம் இருக்கிறது, எதில் இடது பக்கம் இருக்கிறது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. மாறியிருந்தால் சுவிட்ச் நியூட்ரலை வெட்டும், ஆஃபில் இருக்கும்போதும் உள்ளே ஃபேஸ் நின்றுகொண்டிருக்கும். நாலு கால் சுவிட்ச் இரண்டையும் சேர்த்து வெட்டும்.

இந்தப் பக்கம் கரண்ட் குறைவுதானே, 6 ஆம்பியர் போதாதா என்று கேட்பீர்கள். ஓடும்போது குறைவுதான். 15 ஆம்பியர், 14 வோல்ட் வெளியே போனால் 210 வாட். டிரான்ஸ்ஃபார்மரும், ஏசியை டிசியாக்கும் டயோடும் தின்பதைச் சேர்த்து 300 வாட் என்று வைத்தாலும் 230 வோல்ட் பக்கத்தில் 1.3 ஆம்பியர்தான். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் ஆன் ஆகிற அந்த நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். 'டும்' என்று பெட்டி ஒரு முறை உறுமுவது அதனால்தான். அந்த அடியை ஒவ்வொரு முறையும் வாங்குவது சுவிட்ச். சுவிட்சின் மேல் 16, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 4 என்று போட்டிருந்தால், மோட்டார் போன்ற லோடுக்கு 4 ஆம்பியர்தான் தாங்கும் என்று பொருள். டிரான்ஸ்ஃபார்மருக்கு சுவிட்ச் வாங்கும்போது அந்த அடைப்புக்குறி எண்ணைப் பாருங்கள். டி85 போன்ற எழுத்து இருந்தால், சுற்றியிருக்கும் சூடு 85 டிகிரி வரை போனாலும் தாங்கும் சுவிட்ச் அது. கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள், அதுவும் டிரான்ஸ்ஃபார்மர் சூடு அடிக்கும் பெட்டிக்குள் உட்காரப்போகிற சாமான்; அந்த எழுத்து இல்லாத சுவிட்ச் வேண்டாம்.

பெட்டியைத் திறந்த கையோடு பச்சை வயரையும் (எர்த்) பாருங்கள். தகரத்தில் பெயிண்டைச் சுரண்டி, போல்ட் போட்டு முறுக்கியிருக்க வேண்டும். பழைய பெட்டிகளில் பாதிக்கு மேல் அந்த வயர் வெட்டி விடப்பட்டிருக்கும். இரண்டு முள் பிளக்கும் மாட்டியிருப்பார்கள். ஆசிட் ஈரம் இருக்கும் தரையில் வெறுங்காலோடு நிற்கிற கடை உங்களுடையது. மூன்று முள் பிளக் போடுங்கள். 230 பக்கத்து ஃபேஸ் வயரில், சுவிட்சை அடுத்து, மெதுவாக எரியும் ரகத்தில் 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் இருக்கட்டும்.

அடுத்தது கட்டைவிரல் சுவிட்ச். பெரும்பாலான பெட்டிகளில் இந்த 12-24 டாகிள், டிரான்ஸ்ஃபார்மருக்கும் டயோடுக்கும் நடுவில் இருக்கும். பேட்டரிக்குப் போகிற முழு ஆம்பியரும் இதன் வழியாகத்தான் போகவேண்டும். டிசி ஓடுகிற இடம், அதனால்தான் சுவிட்ச் எரிகிறது என்று சிலர் சொல்வார்கள். ஏசி நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் பொறி தானே அணையும், டிசியில் அணையாது என்பது உண்மைதான். ஆனால் இந்த மாதிரிப் பெட்டியில் சுவிட்ச் இருப்பது டயோடுக்கு முன்னால், ஏசி பக்கம். டயோடுக்குப் பின்னால் இருந்தாலும்கூட, கெபாசிட்டர் இல்லாத பழைய சார்ஜரில் கரண்ட் துடிப்புத் துடிப்பாகத்தான் போகும், நடுநடுவே நிற்கும். ஆகவே இங்கே சுவிட்சைக் கொல்வது பொறி இல்லை, சூடு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேய்ந்த கான்டாக்டில் 0.05 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். அம்மீட்டர் 15 காட்டுகிறது. கரண்ட் துடிப்பாகப் போவதால் சூட்டுக் கணக்கில் அது 20 ஆம்பியருக்குச் சமமாகும். ஊசி சராசரியைக் காட்டும், சூடு உச்சத்தையும் சேர்த்துக் கணக்கு வைக்கும். 20-ஐ 20-ஆல் பெருக்கி 0.05-ஆல் பெருக்கினால் 20 வாட். நீங்கள் ஈயம் வைக்கிற சின்ன அயர்ன் 25 வாட். கிட்டத்தட்ட ஒரு சால்டரிங் அயர்னைச் சுவிட்சுக்குள் சொருகி வைத்ததுபோல. சூட்டில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பதம் இழந்து தளரும். தளர்ந்ததும் தொடுகை குறையும், தடை ஏறும், சூடு இன்னும் கூடும். நீங்கள் கட்டைவிரலால் கொடுக்கிற அழுத்தம், அந்த ஸ்பிரிங் கொடுக்க வேண்டிய அழுத்தம். அந்தக் கருவாட்டு வாடையும் சூடேறிய பேக்லைட், பிளாஸ்டிக் வாடைதான். முள்ளங்கி அழுகிய மாதிரி நாற்றம் வந்தால் அது வேறு கதை, அதைக் கீழே சொல்கிறேன்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, நிறையப் பேர் மாட்டிக்கொள்வார்கள். மல்டிமீட்டரை பீப்பில் வைத்து இந்தச் சுவிட்சைத் தொட்டால் 'பீப்' என்று அடிக்கும், சுவிட்ச் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். 0.05 ஓமை அந்த மீட்டர் பார்க்கவே முடியாது. அதன் வயரிலேயே அதைவிட அதிகத் தடை இருக்கிறது. இப்படிச் சோதியுங்கள்: சுவிட்சைப் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். ஒரு நல்ல 12 வோல்ட் பேட்டரி, 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்று, நடுவில் இந்தச் சுவிட்ச் என்று வரிசையாக இணையுங்கள். சுமார் 5 ஆம்பியர் ஓடும். மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து சுவிட்சின் இரண்டு காலையும் தொடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்ல சுவிட்ச். 100-ஐத் தாண்டினால் இந்த வேலைக்கு ஆகாது. 250 காட்டினால் நான் மேலே சொன்ன 0.05 ஓம் அதுதான். புது சுவிட்ச் வாங்கினாலும் மாட்டுமுன் இதே சோதனையைச் செய்யுங்கள். எண் மட்டும் பெரிதாக அச்சடித்து, உள்ளே தகடு மட்டும் வைத்த சுவிட்சுகள் கடைகளில் ஏராளம். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரியை மட்டும் இந்தச் சோதனைக்கு எடுக்க வேண்டாம், பொறி வரும்.

ஆனால் உங்களுக்கு இந்தச் சுவிட்ச் தேவைதானா? கார், டிராக்டர், மினி லாரி எல்லாமே உங்களிடம் 12 வோல்ட் பேட்டரியாகத்தான் வருகின்றன. பெரிய லாரியின் 24 வோல்ட் என்பதும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிதான். கழற்றிக் கடைக்குக் கொண்டு வந்துவிட்டால் தனித்தனியாகப் போடலாம். இரண்டையும் சீரியஸில் சேர்த்து ஒரே நேரத்தில் ஏற்றுகிற வசதி போகும், அவ்வளவுதான் நஷ்டம். அதற்குப் பதில், கவனக்குறைவாக 24-இல் வைத்து ஒரு 12 வோல்ட் பேட்டரியைக் கொதிக்க விடுகிற ஆபத்தும் போகும். எனவே இந்த ஒரு இடத்தில் நான் அந்த அண்ணன் கட்சி. டாகிளை எடுத்துவிட்டு 12-ஐ நிரந்தரமாக டைரக்ட் செய்யுங்கள்.

ஆனால் முறுக்கி டேப் சுற்றுகிற டைரக்ட் கூடாது. தடித்த வயருக்கு ஏற்ற செம்பு திம்பிள் (வயர் நுனியில் மாட்டும் வளையம்) போட்டு, கிரிம்பிங் பிளையரில் அமுக்கி, பித்தளை போல்ட், ஸ்பிரிங் வாஷரோடு இறுக்குங்கள். ஈயத்தை மட்டும் நம்பாதீர்கள். ஜாயிண்ட் சூடானால் 180, 190 டிகிரியில் ஈயம் இளகிவிடும். 24-க்குப் போன வயரின் நுனியில் ஸ்லீவ் போட்டு மடித்து, எதையும் தொடாதபடி கட்டிவையுங்கள். அதில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். முன்பக்கம் 24 என்ற எழுத்தைப் பெயிண்டில் அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது தேடுவார்கள். சுவிட்ச் வேண்டும் என்றே தோன்றினால், அம்மீட்டர் காட்டும் அதிகபட்ச ஆம்பியருக்கு இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள்.

ரோட்டரி கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். அதற்குப் போகிற வயர்கள் மெல்லியவையா தடித்தவையா என்று முதலில் பாருங்கள். மெல்லியவை என்றால் அது 230 வோல்ட் பக்கத்து டேப்புகளை, அதாவது வைண்டிங்கின் நடுநடுவே வெளியே எடுத்திருக்கும் இணைப்புகளை, மாற்றுகிறது. ஒவ்வொரு படிக்கும் சுற்று குறையும், வெளியே வோல்ட் ஏறும். கரண்ட் குறைவு என்பதால் சுவிட்சுக்கு அங்கே நிம்மதி. ஆனால் தொட்டால் உங்களுக்கு நிம்மதி இல்லை. குறைந்த சுற்றுக்குக் கரண்ட் கொடுக்கும்போது, கொடுக்காத கடைசி டேப்பில் 230-க்கும் மேலேயே வோல்ட் நிற்கும்.

இந்த டேப் ரோட்டரியில் ஒரு குணம் இருக்க வேண்டும்: பழைய படியை விட்ட பிறகுதான் அடுத்த படியைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரு கணம் சேர்த்துத் தொட்டால், நடுவில் இருக்கும் சுற்றுகள் தங்களுக்குள்ளேயே ஷார்ட் ஆகி, பெரிய கரண்ட் அந்தத் துண்டுக்குள் சுற்றும். சுவிட்ச் வெல்டிங் ஆகும், வைண்டிங்கும் சூடேறும். ஓடும்போது மெதுவாகத் திருப்பினால், நல்ல ரோட்டரியிலும் பொறி ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்குத் தாவி இதே வேலையைச் செய்யும். உங்கள் நாலாவது படி படபடப்பு அதுவாகத்தான் இருக்கும். மூன்று, நான்கு, ஐந்து, இந்த மூன்று கால்களின் முனைகளைப் பாருங்கள். கருத்துக் குழி விழுந்திருந்தால் சந்தேகமே இல்லை.

குழி ஆழமில்லை, வெறும் கறுப்புதான் என்றால் சுத்தம் செய்து ஓட்டலாம். செல்போன் கடைக்காரர்கள் போர்டு கழுவ வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் வாங்கி, தடித்த காகிதத் துண்டில் நனைத்துக் கான்டாக்டுக்கு இடையில் விட்டு இழுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே கரண்ட். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மேலே இருக்கும் வெள்ளி முலாம் போய்விடும், தூளும் உள்ளே தங்கும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். டெர்மினலுக்கு வாசலின் தடவுகிற பழக்கத்தில் சுவிட்சுக்குள்ளும் தடவிவிடாதீர்கள். உள்ளே அது புழுதியைப் பிடித்துக் கருகும்.

குழி ஆழமாக இருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆறு படி ரோட்டரி வேலூரில் கிடைக்காவிட்டால், சென்னைக்குப் போகிறவர் யாரிடமாவது பழையதைக் கொடுத்து ரிச்சி தெருவில் ஜோடி பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு குறுக்கு வழி: மூன்று வேகம் உள்ள மிக்ஸி ரோட்டரி சுவிட்ச் எந்த ஊரிலும் கிடைக்கும், நூறு ரூபாய் அளவில் முடிந்துவிடும். 500, 750 வாட் மோட்டாரைத் தாங்குகிற சுவிட்ச், உங்கள் 1.3 ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஆறு படியில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுத்து இணைத்துக்கொள்ளலாம். கார் பேட்டரி 35 ஏஎச் (ஆம்பியர்-மணி) என்றால் பத்தில் ஒரு பங்கு, 3.5 ஆம்பியர். டிராக்டர் பேட்டரிக்கு 8 ஆம்பியர் பக்கம். மூன்று படியில் உங்கள் பிழைப்பு நடந்துவிடும். தடித்த வயர் போகிற ரோட்டரியாக இருந்தால் மட்டும் மிக்ஸி சுவிட்ச் ஆகாது.

எதை வாங்கினாலும் மாட்டுமுன் ஒரு சோதனை. மீட்டரை பீப்பில் வைத்து, அடுத்தடுத்த இரண்டு படிகளின் கால்களைத் தொட்டுக்கொண்டு மிக மெதுவாகத் திருப்புங்கள். எங்கேயாவது ஒரு இடத்தில் பீப் அடித்தால் அது இரண்டையும் சேர்த்துத் தொடும் ரகம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 0-இல் எல்லாம் விட்டிருக்கிறதா, ஒரு படியில் ஒரு கால் மட்டும் சேர்கிறதா என்றும் பாருங்கள்.

சுவிட்ச் வேலை இத்தோடு முடிந்தது. ஆனால் சுவிட்சை எரித்தவன் பெட்டிக்குள்ளேயே வேறு யாராவது இருக்கிறானா என்று பார்க்காமல் மூடக் கூடாது. டயோடுகளில் ஒன்று ஷார்ட் ஆகியிருந்தால், கிளிப் மாட்டாமலே டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், நடுவில் இருக்கும் எல்லாம் காயும். கிளிப்பை பிளஸ், மைனஸ் மாற்றி மாட்டுகிற கடையில் இது சகஜம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டு, டயோடு படம் போட்ட இடத்தில் மீட்டரை வைத்துப் பாருங்கள்; ஒரு பக்கம் 0.5 அல்லது 0.6, மறுபக்கம் ஒன்றும் காட்டக் கூடாது. போயிருந்தால் கேபிபிசி 3510 என்கிற, நாலு டயோடு ஒன்றாக இருக்கும் 35 ஆம்பியர் பிரிட்ஜ், அலுமினியத் தட்டில் இறுக்கிப் போடலாம். உங்கள் பெட்டியின் வயதுக்கு, டயோடுக்குப் பதில் அடுக்கடுக்காகத் தகடு வைத்த செலினியம் ரெக்டிஃபையர் இருந்தாலும் ஆச்சரியமில்லை. முள்ளங்கி நாற்றம் வருவது அதுதான். அந்தப் புகை விஷம். கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அதை எடுத்து இந்தக் கால பிரிட்ஜ் போட்டால் ஒவ்வொரு படியிலும் ஆம்பியர் முன்னைவிடக் கூடும், அதனால் முதல் படியிலிருந்தே ஆரம்பியுங்கள். பேட்டரிக்குப் போகும் வயரில் காரில் வருகிற மாதிரி 20 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் ஒன்று போட்டுவிட்டால், அடுத்த முறை கிளிப் மாறினால் ஃபியூஸோடு போகும்.

இன்னொரு குற்றவாளி காற்று. வெள்ளிக் கொலுசு கறுப்பதுபோலத்தான் வெள்ளிக் கான்டாக்டும் கறுக்கும். கந்தக வாயு பட்டால் இன்னும் சீக்கிரம். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர் என்று தோல் பதனிடும் ஷாப்புகளை ஒட்டிய இடங்களிலிருந்து வரும் சார்ஜர்களில் சுவிட்ச் கறுப்பை நான் அதிகம் பார்க்கிறேன். உங்கள் ஊருக்கு அது எவ்வளவு எட்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதைவிடப் பக்கத்து எதிரி உங்கள் மேசையிலேயே இருக்கிறான். பேட்டரியிலிருந்து கிளம்பும் ஆசிட் ஆவி செம்பில் பட்டால் பச்சைக் களிம்பு பூக்கும். திம்பிள்களில் அதைப் பார்த்தால் ஆப்பசோடா கரைத்த வெந்நீரில் தனியாகக் கழுவிக் காயவையுங்கள். சார்ஜரைப் பேட்டரிக்குப் பக்கவாட்டில், வயர் எட்டுகிற அளவு தள்ளி வையுங்கள். மேலே பலகை அடித்து அதில் வைக்காதீர்கள். ஹைட்ரஜன் நேராக மேலேதான் போகும், சுவிட்சுக்குள் பொறி வரும்.

எல்லாம் மாட்டியதும் நேராகக் கரண்டில் செருகாமல் சீரியஸ் லேம்ப் வழியாக, அதாவது நடுவில் ஒரு பல்பை வரிசையாக இணைத்து, செருகுங்கள். 100 வாட் குண்டு பல்பு வேண்டும், எல்இடி இதற்கு உதவாது. குண்டு பல்பு இப்போது கிடைப்பதே அரிது. கிடைத்தால் இரண்டு வாங்கி வையுங்கள். கிளிப்பில் ஒன்றும் மாட்டாமல் ஆன் செய்தால் பல்பு பளிச்சென்று ஒரு முறை மின்னி மங்கிவிட வேண்டும். முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட், திரும்பத் திறங்கள். டயோடு, வயர் எல்லாம் சரியாக இருந்தும் அப்படியே நின்றால் வைண்டிங் போயிருக்கிறது, மோட்டார் காயில் கட்டுகிற கடைக்குத்தான் போக வேண்டும். மங்கிவிட்டால் லேம்பை எடுத்துவிட்டு நேராகச் செருகி, முதல் படியில் ஒரு பேட்டரி மாட்டிப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, ஒவ்வொரு ஜாயிண்டாகப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அதை மறுபடி இறுக்குங்கள்.

நீங்களே செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் முதல் தடவை கரண்டில் செருகும்போது அந்த எலக்ட்ரீஷியன் அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வீட்டு வயரிங்கில் டைரக்ட் செய்து அவசரத்துக்கு ஓட்டுகிற பழக்கம், பேட்டரிக் கடைக்கும் வந்துவிட்டது. பட்டன் வைத்து டிஸ்ப்ளேயோடு வருகிற புது ரக லேசான சார்ஜர் ஏதாவது கடைக்கு வந்தால் மட்டும் இந்தத் தைரியத்தில் திறந்துவிடாதீர்கள். அதன் கெபாசிட்டரில் 325 வோல்ட், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும்.

அம்மீட்டரை மறக்கவில்லை. கிளிப்பையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். அப்போதும் 2-இலேயே நின்றால் அது கரண்ட் இல்லை, ஊசிதான் நகர்ந்திருக்கிறது. கண்ணாடிக்குக் கீழே முன்பக்கம் சின்னத் திருகு ஒன்று இருக்கும். பிளக் பிடுங்கிய நிலையில் அதை மெல்லத் திருப்பி ஊசியைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். திருகு இல்லாத மீட்டராக இருந்தால், வேறு வாங்குகிற வரை ஊசி காட்டுவதில் 2-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். 10 காட்டினால் 8.